விழைவும் கழிவும்: ஆங்கிலத்திலும் தமிழிலும்



பழைய ஏடுகள் சேற்றூர் என்று எழுதும் ஊரை இன்றைய வழக்கு சேத்தூர் என்று அழைக்கின்றது. இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. மலையில் பெய்யும் மழை கண்மாய்க்கு வந்து சேருமா, சேராதா என்பதே இப்பகுதி உழவரின் ஆண்டுக் கணக்கு. ஐப்பசியில் மலைமுகட்டை நோக்கும் உழவர், "மழை பெய்தால் தேவலை" என்பார். தை பிறந்தபின் பாதியளவே நிறைந்த கண்மாயின் கரையில் நின்று, "இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் கண்மாய் நிறைந்திருக்கும்" என்பார்.

இரண்டு கூற்றுகளும் ஒரே மழையைப் பற்றியவை. ஆயினும் அவற்றின் தன்மை வேறு. முன்னது விழைவு; நிகழ்வதற்கு இன்னும் இடமிருக்கின்றது. பின்னது கழிவு, நிகழ்ந்திருக்கக் கூடியது நிகழாமலே போயிற்று. நிகழ்ந்ததையும் நிகழ்வதையும் சொல்லுதல் எளிது. நிகழாததை, நிகழவேண்டும் என்று நெஞ்சம் அவாவுவதை, நிகழ்ந்திருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணி இரங்குவதைச் சொல்வதற்கே மொழி தன் முழு ஆற்றலையும் திரட்ட வேண்டியுள்ளது. இவற்றை ஆங்கிலம் எவ்வாறு சொல்லுகின்றது, தமிழ் எவ்வாறு சொல்லுகின்றது என்று ஒப்பிட்டுக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒப்பீடு இந்நிலத்துக்குப் புதியதன்று. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஆயின் அறிஞர் பொருட்டு மட்டும் இவ்வொப்பீடு வேண்டப்படவில்லை. தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஆங்கிலப் பாடத்தில் மிகுதியும் இடறி விழும் இடம் இதுவே. "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்" என்னும் வாக்கியம் கரும்பலகையில் எழுதப்பட்டதும் வகுப்பு திகைத்து நிற்கும். இத்தகைய நுட்பம் தமிழில் இல்லை. ஆகவேதான் தமிழ் மாணவர்க்கு இது வாராது என்று சொல்வாரும் உளர். அக்கூற்று உண்மையா என்று ஆராய வேண்டும். உண்மையன்று எனில், அதைக் கேட்டு நம்பித் தன்னைத் தாழ்வாக எண்ணிய மாணவனுக்கு ஒரு விடை கிடைக்கவேண்டும்.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோர்க்கு அதன் முறை வியப்பாகத் தோன்றும். ஒருவனுக்கு விடை தெரியவில்லை. தெரிந்தால் நன்றாக இருக்குமே என்பதை அவன் "ஐ விஷ் ஐ நியூ" என்கின்றான். "நியூ" என்பது இறந்தகால வடிவம். ஆனால் அவன் சொல்வது நேற்றைய செய்தியன்று. இந்நொடியில் தனக்கு இல்லாத அறிவைப் பற்றியது. நேற்றுத் தெரிந்திருக்கக் கூடாதா என்று இரங்க நேர்ந்தால், "ஐ விஷ் ஐ ஹேட் நோன்" என்று ஒரு படி பின்னே செல்கின்றான். பிறர் ஒருவர் வருவதும் வராமையும் அவர் மனத்தைப் பொறுத்ததாக இருப்பின், "ஐ விஷ் ஹி வுட் கம்" என்கின்றான். வருவார் என்னும் நம்பிக்கை இருந்தாலோ "விஷ்" என்னும் சொல்லையே விட்டுவிட்டு, "ஐ ஹோப் ஹி கம்ஸ்" என்று நிகழ்கால வடிவத்தில் கூறுகின்றான்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. ஆங்கிலத்தில் இறந்தகால வடிவம் காலத்தை மட்டும் காட்டுவதன்று, தொலைவையும் காட்டுவது. நேற்று நடந்தது இன்றிலிருந்து தொலைவில் உள்ளது. நடவாதது உண்மையிலிருந்து தொலைவில் உள்ளது. இரண்டு தொலைவுக்கும் அம்மொழி ஒரே வடிவத்தைப் பயன்படுத்துகின்றது. நேற்று நடவாமற் போனதோ இருவகையாலும் தொலைவில் உள்ளது. ஆகவே அதற்கு இருமடங்கு இறந்தகாலம் வேண்டியிருக்கின்றது. "ஹேட் நோன்" என்பதன் விளக்கம் இதுவே.

பழைய ஆங்கிலத்தில் இந்நிலை இல்லை. விழைவுக்கும் ஐயத்துக்கும் தனி வினைவிகுதிகள் அன்று இருந்தன. காலப்போக்கில் அவ்விகுதிகள் தேய்ந்தன. அவற்றின் எச்சமாக நிற்பதுதான் "இஃப் ஐ வேர்" என்பதில் வரும் "வேர்". தன்மை ஒருமைக்கு "வாஸ்" என்றல்லவா வரவேண்டும் என்று மாணவன் கேட்பது நியாயமே. அவன் காண்பது பழைய வீடு இடிந்தபின் எஞ்சிய ஒரு தூண். இன்று ஆங்கிலேயருள்ளும் பலர் பேச்சில் அவ்விடத்து "வாஸ்" என்றே சொல்லுகின்றனர். யாரேனும் தும்மினால் சொல்லப்படும் "காட் பிளஸ் யூ" என்பதிலும் அப்பழைய வடிவமே உறைந்து கிடக்கின்றது. அதன் பொருள் கடவுள் வாழ்த்துகிறார் என்பதன்று, வாழ்த்துக என்பதே.

இனி, விருப்பத்தேர்வு. இரண்டு பொருளுள் ஒன்றை மற்றொன்றினும் விரும்புவதைக் கூற ஆங்கிலத்தில் "வுட் ராதர்" என்னும் தொடர் உண்டு. "ராதர்" என்னும் சொல்லின் பழம்பொருள் விரைவாக, முந்தி என்பது. "இதை முந்திச் செய்வேன்" என்பதே "இதையே விரும்புவேன்" என்று ஆயிற்று. "பிரிஃபர்" என்னும் இலத்தீன் வழிச் சொல்லும் முன்னே கொண்டு வைத்தல் என்னும் பொருளிற் பிறந்தது. ஆகவே அம்மொழியார் விருப்பத்தை முன், பின் என்று அளக்கின்றனர். தமிழர் அதை உயரத்தால் அளப்பர். "அவரிடம் கடன் கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது மேல்" என்பது வழக்கு. "விட" என்பது விடு என்னும் வினையின் எச்சமேயாம். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவதே தேர்வு என்பதை அச்சொல் தன்னுள்ளே வைத்திருக்கின்றது. "காட்டிலும்" என்பதும் அவ்வாறே ஒன்றைக் காட்டி மற்றொன்றை உயர்த்துவது.

"ஐ வுட் ராதர் யூ வென்ட்" என்னும் தொடரும் கருதத்தக்கது. நீ போனால் எனக்கு நல்லது என்பது பொருள். போவது இனிமேல், வடிவமோ "வென்ட்" என்னும் இறந்தகாலம். மாணவர் இதைப் பிழையென்றே எண்ணுவர். மேலே கூறிய தொலைவு இங்கும் செயற்படுகின்றது. பிறர் செயல் நம்பிக்கையளவில் நிற்பதால், பணிவு கருதி அது சற்றுத் தள்ளி வைக்கப்படுகின்றது.

இவ்வளவும் கேட்ட மாணவன், "நாளை நடப்பதற்கு நேற்றைய வடிவமா? இது என்ன மொழி!" என்று கேட்கக்கூடும். அவனுக்குக் கூறவேண்டிய விடை அவன் வாயிலேயே இருக்கின்றது. "நாளைக்கு மழை பெய்தால் பள்ளிக்கு விடுமுறை" என்று அவன் சொல்வதுண்டு. பெய்தால் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பெய்த் என்னும் இறந்தகால அடியோடு ஆல் சேர்ந்தது அது. வந்தான் என்பதில் உள்ள வந்த் என்னும் அடியே வந்தால் என்பதிலும் உள்ளது. இருந்தால், கேட்டால், நின்றால் ஆகிய அனைத்தும் இவ்வாறே. நாளைய மழையைச் சொல்ல இறந்தகால அடியை ஒவ்வொரு நாளும் தமிழன் எடுத்தாள்கின்றான். அதனை அவன் உணர்வதில்லை. பழந்தமிழில் நிபந்தனைக்குச் செயின், வரின் என்னும் வடிவங்களே மிகுதி. ஆல் ஈற்று வடிவம் பின்னர்ப் பெருகி, இன்று பேச்சில் முழுவதும் நிலைபெற்றது. ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று அறியாமலே, உறுதியற்றதைச் சொல்ல இறந்தகாலத்தை நாடியுள்ளன.

இன்னும் ஒரு படி செல்லலாம். "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்னும் தமிழ்த் தொடரையும், முன்னர்க் கரும்பலகையில் எழுதப்பட்ட ஆங்கிலத் தொடரையும் அருகருகே வைத்தல் வேண்டும். தமிழில் இரண்டு பகுதியிலும் இரு என்னும் துணைவினை வருகின்றது. ஆங்கிலத்திலும் இரண்டு பகுதியிலும் "ஹேவ்" என்னும் துணைவினை வருகின்றது. முதற்பகுதியில் அது "ஹேட்" என்று வடிவம் மாறி நிற்கின்றது. தமிழின் முதற்பகுதி இறந்தகால அடியாகிய இருந்த் என்பதைக் கொண்டது. ஆங்கிலத்தின் முதற்பகுதியும் இறந்தகால வடிவமாகிய "ஹேட்" என்பதைக் கொண்டது. தமிழின் இரண்டாம் பகுதி இருப்பேன் என்று எதிர்காலம் பெற்றது. ஆங்கிலத்தின் இரண்டாம் பகுதியும் எதிர்காலத்துக்குரிய "வில்" என்பதன் திரிபாகிய "வுட்" என்பதைப் பெற்றது. ஒருபால் இருந்தால், இருப்பேன். மற்றொருபால் "ஹேட்", "வுட் ஹேவ்". இத்துணைப் பொருத்தம் அமைந்த பாடம் ஆங்கில இலக்கணத்தில் வேறு சிலவே. தாய்மொழி இங்குத் தடையன்று. ஏறிச் செல்லும் படி. அப்படியைக் காட்டாமல், இது உன் மொழியில் இல்லாதது என்று சொல்வதே தடை.

இனி, இலக்கண மரபை நோக்கலாம். நிகழாதவற்றைப் பற்றிய எண்ணம் தமிழ் இலக்கணத்தில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இடையியல் என்னும் இயல் உள்ளது. தனித்து நின்று பொருள் தாராமல், பெயரையும் வினையையும் சார்ந்து பொருளை நுட்பமாக்கும் சிறு சொற்களைப் பற்றியது அது. அவற்றுள் இரண்டு சொற்கள் இங்குக் கருதத்தக்கன: ஒன்று மன், மற்றொன்று தில்.

மன் என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியர் மூன்று பொருள் கூறுவர்: கழிவு, ஆக்கம், ஒழியிசை. தில் என்பதற்கும் மூன்று: விழைவு, காலம், ஒழியிசை. நன்னூலார் தில் என்பதற்கு அம்மூன்றையும் அவ்வாறே கொண்டு, மன் என்பதற்கு மட்டும் பொருளை ஆறாக விரித்துரைத்தார். கழிவு என்பது முன்பு இருந்து இன்று இல்லாமற் போனமை. விழைவு என்பது விருப்பம். ஒழியிசை என்பது சொல்லிய சொல்லின் ஓசை, சொல்லாமல் ஒழித்த பொருளை உணர்த்துதல். வாள் கூரியதுதான் என்று சொல்லி, அதன் குறையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவது போன்றது. கேட்பவர் எஞ்சியதைத் தாமே நிரப்பிக்கொள்வர்.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்துபட்டபோது அவ்வையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. அதில் மன் என்னும் இச்சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. சிறிதளவு கள் கிடைத்தால் என்ன செய்வான், பெருமளவு கிடைத்தால் என்ன செய்வான் என்று அவன் வாழ்ந்த நாளின் வழக்கங்களை அவ்வையார் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுகின்றார். ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் அச்சிறு சொல், இனி அது இல்லை என்பதைச் சொல்லாமற் சொல்லுகின்றது. இன்று இல்லை என்று வெளிப்படக் கூறியிருந்தால் அது செய்தியாகியிருக்கும். மன் என்று நிறுத்தியமையால் அது இரங்கலாயிற்று.

தில் பற்றித் தொல்காப்பியர் கூறும் இன்னொரு செய்தி ஆழ்ந்து எண்ணத்தக்கது. விழைவுப் பொருளில் வரும் தில், தன்மையிடத்தே வரும் என்பது அவர் விதி. தன் நெஞ்சின் விருப்பத்தைத் தானே சொல்வதற்கு உரிய சொல் அது. மறுபுறம், வாழ்க, வருக என்றாற்போன்ற வியங்கோள் வினை தன்மையிலும் முன்னிலையிலும் வாராது, படர்க்கைக்கே உரியது என்பதும் அவர் கருத்து. இவ்விரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தனக்காக விழைவதும் பிறர்க்காக விழைவதும் ஒன்றல்ல என்று அப்பழைய இலக்கணம் பிரித்து வைத்தது. முன்னதற்கு ஓர் இடைச்சொல்; பின்னதற்கு ஒரு வினைவடிவம். பிற்காலத்து நன்னூல், வழக்கு மாறியதை ஏற்று, வியங்கோள் மூவிடத்தும் ஐம்பாலிலும் வரும் என்று விதியை விரிவாக்கிற்று. தில் என்னும் சொல்லோ வழக்கிலிருந்தே மறைந்தது.

சொல் மறைந்தால் உணர்வும் மறையுமோ எனின், மறையாது. அது வேறு சொற்களில் குடியேறும். சேத்தூர்ப் பகுதிப் பேச்சில் விழைவு எத்தனை வடிவம் கொள்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். "அவன் வந்தால் தேவலை" என்பது ஒன்று. "அவன் வரமாட்டானா!" என்று எதிர்மறை வினாவாக வருவது ஒன்று, அங்கு வினவப்படுவது எதுவும் இல்லை, உள்ளம் வேண்டுவதே உண்டு. "அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா!" என்பது கழிவிரக்கம். "சொல்லியிருக்கலாமே!" என்பதும் அதுவே. இங்கு ஈற்றில் நிற்கும் ஏகாரத்தைக் கவனிக்க வேண்டும். "சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் இருந்தால், ஒருவேளை சொல்லிவிட்டார் போலும் என்றும் பொருள்படும். ஏகாரம் சேர்ந்ததும் சொல்லவில்லை என்பது உறுதியாகின்றது. "சொல்லியிருக்கலாமோ" என்று ஓகாரம் சேர்ந்தால் மனம் தன்னையே கேட்டுக்கொள்கின்றது. மன் என்னும் சொல் செய்த வேலையை இன்று ஓரெழுத்துச் சொற்கள் செய்கின்றன. ஓகாரத்துக்கும் ஒழியிசைப் பொருள் உண்டு என்று தொல்காப்பியர் கூறியிருப்பது ஈண்டு நினையத்தக்கது.

ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது மற்றொரு வேறுபாடும் விளங்கும். "ஐ வாண்ட்", "ஐ விஷ்" என்பனவற்றில் விரும்புபவன் எழுவாயாக நிற்கின்றான். விருப்பம் அவன் செய்யும் வினையாகின்றது. தமிழிலோ "எனக்கு வேண்டும்", "எனக்கு ஆசையாக இருக்கின்றது" என்று நான்காம் வேற்றுமை வருகின்றது. பசியும் தாகமும் போல விருப்பமும் ஒருவனுக்கு வந்து சேர்வது என்பது தமிழின் பார்வை. ஆகவே "எனக்கு" என்பதை அப்படியே பெயர்த்து ஆங்கிலத்தில் தொடங்கும் மாணவன் தடுமாறுகின்றான். அவன் அறிவு குறைந்தவன் அல்லன். இரண்டு பார்வைகளின் இடையே நிற்பவன்.

இராசபாளையத்திற்கு வடக்கே அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரைக் குறிப்பிடாமல் விழைவைப் பற்றி இவ்வட்டாரத்தில் பேசுதல் நிறைவுறாது. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள் கொண்டது. தமிழில் விழைவு என்னும் ஒன்றையே பொருளாகக் கொண்ட நூல்களுள் அது தலைசிறந்தது. அதன் நான்காம் திருமொழி கூடல் இழைத்தலைப் பற்றியது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் இழைத்து, முனைகள் கூடினால் எண்ணியது கைகூடும் என்று கொள்ளும் மகளிர் வழக்கம் அது. அவன் வருவான் எனில் நீ கூடுக என்று கூடலை வேண்டும் முறையில் அப்பாசுரங்கள் அமைந்தன. அங்குள்ளது திறந்த நிபந்தனை. நிகழலாம், நிகழாமலும் போகலாம்.

ஆறாம் திருமொழியில் நிலை மாறுகின்றது. அது திருமணக் கனவு. மாப்பிள்ளை ஊர்வலமும், பந்தலும், தீவலம் வருதலும் முறையே நடக்கின்றன. அவற்றையெல்லாம் ஆண்டாள் இனி நடக்க வேண்டும் என்று வேண்டவில்லை. நடக்கக் கண்டதாகத் தோழிக்குக் கூறுகின்றார். தாம் கண்ட கனவைக் கூறும் வினை இறந்தகாலத்தில் நிற்கின்றது. ஆங்கிலம் நிகழாததைச் சொல்ல இறந்தகாலத்தை நாடியது என்று முன்னர்க் காணப்பட்டது. ஆண்டாளும் நிகழாததை இறந்தகாலத்தில் வைத்தார்; அதற்குக் கனவு என்னும் சட்டத்தை அமைத்துக்கொண்டார். விழைவு முற்றிய நிலையில் மொழி நிபந்தனையைக் கைவிட்டு, நிகழ்ந்ததாகவே பேசத் தொடங்கும் என்பதை இத்திருமொழி காட்டுகின்றது.

சேற்றூர்ச் சமஸ்தானத்துத் தமிழ் மரபும் இங்கு நினைவுகூரத்தக்கது. முகவூரைச் சார்ந்த கவிராயர் குடும்பம் இச்சமஸ்தானத்தில் புலமை வளர்த்தது. இராமசாமிக் கவிராயரின் மைந்தர்களாகிய சுப்பிரமணியக் கவிராயர், அருணாசலக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் மூவரும் தமிழால் அறியப்பட்டவர்கள். கந்தசாமிக் கவிராயர் மதுரையிலிருந்து வெளிவந்த விவேகபாநு என்னும் இதழோடு தொடர்புடையவர். அவ்விதழில்தான் 1904ஆம் ஆண்டு சுப்பிரமணிய பாரதியாரின் தனிமை இரக்கம் என்னும் பாட்டு அச்சேறிற்று. அச்சில் வந்த அவருடைய முதற்பாட்டு அதுவே என்பர். கழிந்துபோன இன்பத்தை எண்ணி இரங்குவது அப்பாட்டு. புதுத்தமிழின் பெருங்கவிஞர் அச்சுலகில் அடியெடுத்து வைத்ததே கழிவிரக்கத்தோடுதான் என்பதும், அதற்கு இடந்தந்த இதழின் பின்னே சேற்றூர்ப் புலமையின் கை இருந்தது என்பதும் இவ்வூரார் அறிந்து வைத்திருக்கத் தக்கன.

இதுவரை கூறியவற்றால் தமிழுக்குக் குறையொன்றும் இல்லை என்று முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பது நேர்மையாகாது. ஓரிடத்தில் ஆங்கிலம் பிரித்துக் காட்டும் ஒன்றைத் தமிழ் பிரியாமல் வைத்திருக்கின்றது. அதனைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் அதனால் மனிதருக்குத் தீங்கு நேரக்கூடும்.

ஒரு வழக்கில் சாட்சி ஒருவர், "விளக்கு எரிந்திருந்தால் அவர் பார்த்திருப்பார்" என்று கூறுவதாகக் கொள்ளலாம். இதற்கு இரண்டு பொருள் உண்டு. விளக்கு எரியவில்லை, ஆகவே அவர் பார்க்கவில்லை என்பது ஒன்று. விளக்கு எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எரிந்தது என்றால் அவர் பார்த்திருப்பது உறுதி என்பது மற்றொன்று. முன்னது அவர் பார்க்கவில்லை என்கின்றது. பின்னது அவர் பார்த்திருக்கக்கூடும் என்கின்றது. தமிழில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. ஆங்கிலத்தில் முன்னதற்கு "ஹேட் பீன் பர்னிங்", "வுட் ஹேவ் சீன்" என்றும், பின்னதற்கு "வாஸ் பர்னிங்", "மஸ்ட் ஹேவ் சீன்" என்றும் வடிவம் வேறுபடும்.

முதற்பகுதி விடுபட்டுப் போனால் இடர் இன்னும் பெரிது. "பார்த்திருப்பார்" என்னும் ஒற்றைச் சொல் ஏட்டில் நின்றால், பார்த்தார் என்றே ஊகிக்கத் தோன்றும். "போயிருக்க வேண்டும்" என்பதும் அத்தகையதே. போய்விட்டிருப்பான் என்பது ஒரு பொருள். போகவேண்டியது கடமை, ஆனால் போகவில்லை என்பது நேர்மாறான மற்றொரு பொருள். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் உரைக்கின்றார். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றத்தில் அவ்வாக்குமூலம் ஆங்கிலத்தில் படிக்கப்படுகின்றது. இடையில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆங்கிலம் அவரை நடுவில் நிற்க விடாது. அவர் தவறாகத் தேர்ந்தால் ஒருவருடைய விடுதலை ஒரு துணைவினையில் சிக்கிக்கொள்ளும்.

பேச்சில் இவ்விடர் எழுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும், சூழலும், ஏகார ஓகாரங்களும் பொருளைத் தெளிவாக்கிவிடும். ஏட்டில் குரல் இல்லை. ஆகவே எழுதுபவரும் பெயர்ப்பவரும் இன்னொரு வினாவைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்: விளக்கு எரிந்ததா, எரியவில்லையா? அவ்வினாவுக்குரிய விடையையும் ஏட்டில் சேர்த்து எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. தமிழில் இதற்கு வழி இல்லை என்பதில்லை. வழியைப் பயன்படுத்தும் விழிப்பு வேண்டும் என்பதே கருத்து. ஒரு மொழியின் பெருமையைப் பேசுவோர்க்கு அதன் இருபொருள் இடங்களைச் சுட்டும் கடமையும் உண்டு.

பள்ளிக்கும் இது பொருந்தும். தமிழ் மாணவன் "இஃப் ஐ நோ, ஐ வில் கம்" என்று எழுதினால், அவன் உள்ளத்தில் இருந்தது "தெரிந்தால் வருவேன்" என்பதா, "தெரிந்திருந்தால் வந்திருப்பேன்" என்பதா என்று ஆசிரியர் முதலில் தமிழிற் கேட்கவேண்டும். முன்னது எனில் அவன் எழுதியதில் பிழை இல்லை. பின்னது எனில் இரு என்னும் துணைவினை எங்கெங்கு உள்ளது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒவ்வோர் இருவுக்கும் ஒரு "ஹேவ்" என்று அவன் கண்டுகொண்டால், அப்பாடத்தை அவன் மறவான். பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பதற்குச் சில நொடிகள் போதும். உள்ளத்தில் இருந்ததைக் கேட்பதற்குச் சற்றுப் பொழுது வேண்டும். அப்பொழுதைச் செலவிடுவதே கற்பித்தல்.

இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் நாள் இது. பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் எந்த அமைப்புக்கும் "செய்திருக்கலாமே" என்று எண்ணத்தக்க பணிகள் சில இருக்கும். பதிவு பெறாமற் போன பேச்சுகளும், கேட்டு எழுதிவைக்காமலே முதியோருடன் மறைந்த சொற்களும் அவற்றுள் அடங்கும். அவற்றுக்கு இரங்குவது முறையே. மன் என்னும் சொல்லை ஆக்கிய மொழி இரங்குதலை இழிவாகக் கருதவில்லை. ஆயினும் செய்திருக்கலாம் என்னும் சொல்லில் இடையே நிற்கும் இரு என்னும் துணைவினை நீங்குமானால் எஞ்சுவது செய்யலாம் என்பதாகும். மலையடிவாரத்து உழவரும் அவ்வாறே செய்கின்றார். தையில் கண்மாயை நோக்கி இரங்கிய அவரே, அடுத்த ஐப்பசியில் வரப்பைச் சீர்செய்துவிட்டு, மழை பெய்தால் தேவலை என்று மலைமுகட்டை நோக்குகின்றார்.

தமிழ் வளர்க. இலக்கிய வட்டம் வாழ்க.